தகரக் கூரையும் தேங்காய் மட்டையும்

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று மனிதனுக்கு வேண்டியவற்றைப் பெரியோர் மூன்றாக வகுத்துச் சொல்வர். சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் முதல் இரண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது, கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கக்கூசுக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். அந்தக் கூரைக்குக் கீழே பகல் வேளையில் ஒரு மனிதன் கண்ணயர முடிகிறதா என்று கேட்பவர் அரிது. இந்த இதழில் அதைக் கேட்க விரும்புகிறோம். ஏனெனில், வீட்டுக்குள் அடிக்கும் சூடும் நம் தொழில் நிலைமைகளில் ஒன்று என்பது நம் உறுதியான எண்ணம்.

பால்மரத் தொழிலாளியின் நாள் இருட்டிலேயே தொடங்குகிறது. அது துரைமார் விருப்பத்தால் மட்டும் வந்த வழக்கமன்று. அதிகாலையில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் தணிகிறது; பாலும் குறைகிறது. ஆகவே மரத்தின் நேரமே தொழிலாளியின் நேரமாகிவிட்டது. பெரட்டு முடித்து, நிரை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் அளந்துவிட்டு அவர் லயத்துக்குத் திரும்பும்போது நண்பகல் தாண்டிவிடுகிறது. இரவில் இழந்த உறக்கத்தை அவர் ஈடுசெய்ய வேண்டிய நேரம் அதுதான். தகரக் கூரை மிகக் கடுமையாகக் காய்வதும் அதே நேரத்தில்தான். செம்பனை ஆலையில் இரவு முறை பார்த்துவிட்டுப் பகலில் படுக்கும் தொழிலாளியின் கதையும் இதுவே. காலையில் பள்ளி சென்று வந்த பிள்ளை பாடம் எழுத உட்காருவதும் இதே கூரைக்குக் கீழேதான். தகரம் வேய்ந்த அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் கிராணியாருக்கும் இந்தச் சூட்டிலிருந்து விலக்கில்லை.

நடுப்பகல் வெயிலில் வெள்ளையடிக்காத தகரத்தின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அடியில் உட்கூரை இல்லாவிட்டால், அந்தத் தகரம் ஓர் அடுப்பைப் போலக் கீழே இருப்பவர்மீது அனல் வீசிக்கொண்டே இருக்கும். மின்விசிறி சுழல்கிறதே என்பார்கள். சுடுகாற்றைச் சுழற்றினால் சுடுகாற்றுத்தான் வரும். வெயிலும் முன்போல இல்லை. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் வெப்பத்தின் காரணமாகப் பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகளை மூட நேர்ந்தது. பகல் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியை எட்டினாலே வானிலைத் துறை எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை வெளியிலுள்ள காற்றைப் பற்றியது. லயத்துக்குள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து எழுதி வைத்தவர் யார்?

நம் பாட்டன்மார் காலத்து லயங்களுக்கு அத்தாப்புக் கூரை இருந்தது. கோலா சிலாங்கூர் ஆற்றோரச் சதுப்பில் விளையும் நீப்பா ஓலையை மடித்துத் தைத்து வேய்ந்தனர். அது ஒழுகும், எலியும் பாம்பும் குடியிருக்கும், ஒரு பொறி பட்டால் வரிசை முழுவதும் எரியும், சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். ஆகவே தகரம் வந்தபோது அதை முன்னேற்றம் என்று வரவேற்றதில் தவறில்லை. ஆனால் ஓலையோடு சேர்ந்து ஒன்று போய்விட்டது, அதுதான் குளிர்ச்சி. மழையைத் தடுக்கக் கூரை மாற்றியவர்கள் வெயிலைத் தடுக்க ஒன்றும் வைக்கவில்லை. அந்தப் பாதி வேலை இன்றுவரை பல இடங்களில் பாதியாகவே கிடக்கிறது.

ஓலைக்குள் இருந்த மந்திரம் என்ன? ஓலை அடுக்குகளுக்கிடையே அசையாமல் சிக்கிக்கொண்ட காற்றுத்தான். ஓடாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. பஞ்சு, நார், உமி, வைக்கோல் ஆகிய எல்லாம் சூட்டைத் தடுப்பதற்கும் இதுவே காரணம். கணக்குப் பார்த்தால், இரும்புத் தகடு தென்னை நாரைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. கடையில் விற்கும் கண்ணாடிப் பஞ்சுக்கும் காய்ந்த தென்னை நாருக்கும் இதில் பெரிய வேற்றுமை இல்லை. அந்தப் பஞ்சைச் செய்யக் கண்ணாடியைக் கடும் உலையில் உருக்க வேண்டும். நாரோ மட்டையோடு தானே வளர்ந்து வருகிறது. அதை நாம் எரிக்கிறோம், அல்லது அழுகவிடுகிறோம்.

நம் வட்டாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம்வரை கடலோரம் தென்னை. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் ஆண்டுக்கு இரு போகம் நெல். உள்நாட்டில் ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊர்), அப்பால் உலு சிலாங்கூர்வரை ரப்பர் குறைந்து செம்பனை பெருகிய தோட்டங்கள். மலாயாவில் செம்பனையை வாணிபப் பயிராக முதலில் நட்டதே நம் கோலா சிலாங்கூரில்தான். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே அதை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமாரம். அந்தப் பெயர் யார் வாயிலிருந்து வந்தது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை, நெல், செம்பனை, ரப்பர் ஆகிய நான்கும் ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்குள் கிடைக்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டு, அவற்றின் கழிவைத் தீயிலிட்டுவிட்டு, நாம் தகரத்தின் கீழ் வேகிறோம்!

இவற்றுள் நமக்கு மிக நெருக்கமானது தென்னை நாரும் ரப்பர்ப் பாலும் சேர்ந்த மெத்தை. இது கற்பனையன்று. இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் தொழில். நாரை முறுக்கிக் கயிறாக்கிச் சில நாள் வைத்துப் பிரித்தால் அது சுருள் சுருளாக நிற்கும். அந்தச் சுருளைப் பரப்பி, கந்தகம் முதலிய மருந்து கலந்த ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்தி, சூட்டில் வேகவைத்தால், நார்கள் தொடும் இடமெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. இடையிலெல்லாம் காற்று நிற்கிறது. படுக்கும் மெத்தைக்கும் வண்டி இருக்கைக்கும் இதைத்தான் பயன்படுத்தினர். கயிறு நார்த் தொழிலுக்கென இந்திய அரசு 1953இல் சட்டமே இயற்றியது; ஆலப்புழைக்கு அருகே கலவூரில் 1959இல் ஆராய்ச்சிக் கழகம் அமைத்தது. நம் பொள்ளாச்சிப் பக்கத்தில் மட்டை உரித்து நாரெடுக்கும் ஆலைகள் பெருகியதையும் ஊருக்குப் போய்வந்தோர் கண்டிருப்பர். தாய்லாந்து ஆராய்ச்சியாளர்களோ 2003 வாக்கில் தென்னை நாரையும் டுரியான் தோலையும் சேர்த்து வெப்பம் தடுக்கும் பலகை செய்து காட்டினர். பசை எதுவும் இல்லாமல் மட்டையைச் சூட்டோடு அழுத்தியே பலகை செய்யலாம் என்பதும் பிறகு மெய்ப்பிக்கப்பட்டது. மட்டையிலேயே இருக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகிப் பசையாகிறது.

ஓர் அறைக்கு எவ்வளவு வேண்டும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குல கனத்தில் மெத்தை பரப்பினால், எடை ஏறத்தாழ 33 கிலோ வரும். அதில் 25 கிலோ நார் என்றால் சுமார் 300 தேங்காய் மட்டை. மிச்சம் 8 கிலோ உலர்ந்த ரப்பர். நூற்றுக்கு முப்பது ரப்பர் உள்ள தோட்டத்துப் பாலாகக் கணக்கிட்டால் 27 லிட்டர். ஒரு தொழிலாளி ஒன்றிரண்டு நாளில் ஸ்டோரில் அளந்து கொடுக்கும் பால் இது. ஆலையில் இதற்குக் கடைந்து செறிவாக்கிய பாலையே பயன்படுத்துவர் என்பது வேறு. நாம் சொல்ல வந்தது அளவைத்தான். தன் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் லிட்டர் பாலை உலகத்துக்கு அளந்து கொடுத்த கை, தன் தலைக்கு மேலே இருபத்தேழு லிட்டர் கேட்பது அதிகமா?

அடுத்தது உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அதில் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. ஆகவே அது எளிதில் அழுகாது. கறையான் அதை விரும்பாது. வைக்கோலைப்போல் குபீரென்று பற்றவும் செய்யாது. உட்கூரைக்கு மேல் நான்கு அங்குலம் பரப்பினால் நல்ல காப்பு. ஆயினும் நாம் சொன்ன அறைக்கு அது 110 கிலோவுக்கு மேல் எடை வரும். பழைய ஒட்டுப்பலகை உட்கூரை அதைத் தாங்காது. சட்டத்தைப் பலப்படுத்திய பிறகே பரப்ப வேண்டும். அறுவடைக்குப் பின் வயலில் வைக்கோலைக் கொளுத்தும் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரமில்லாத மணற்குன்றுப் பகுதியில் குடியேறிய ஏழை விவசாயிகள், வைக்கோலைக் கட்டுக் கட்டாக அழுத்தி அடுக்கிச் சுவரெழுப்பிப் பூசி வாழ்ந்தனர். ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928இல் அவ்வாறு கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. கையில் உள்ளதைக் கொண்டு வீடு கட்டுவது தாழ்வென்று அவர்கள் எண்ணவில்லை.

செம்பனையின் காய் உதிர்த்த வெறுங்குலை மூன்றாவது. ஆலைக்கு வரும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதுவே. அதையும் நாராக்கலாம். ஆனால் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கழுவி நன்றாக உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மேலும் அதை மரத்தடியில் பரப்புவதால் மண்ணுக்கு நன்மை உண்டு. ஆகவே மிஞ்சுவதை மட்டும் எடுப்பதே முறை. நான்காவது பழைய காகிதம். செய்தித்தாளைப் பஞ்சாக அரைத்து, தீயும் பூச்சியும் அணுகாதபடி வெண்காரம் கலந்து, மேல்நாடுகளில் வீட்டுக் கூரைக்குள் நிரப்புகிறார்கள். குஜராத்தின் அகமதாபாத்தில் அட்டைக் கழிவையும் வேளாண்மைக் கழிவையும் அழுத்தி, ஏழைகளின் குடியிருப்புக்குத் தகரத்துக்கு மாற்றாகக் கூரைப் பலகையே செய்துவிட்டார்கள். படித்து முடித்த நம் பத்திரிகையும் ஒருநாள் வாசகரின் தலைக்கு நிழலாகுமானால் நமக்கு மகிழ்ச்சியே.

இனி, நல்லது சொல்பவன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். நாரும் ரப்பரும் எரியக்கூடியவை. ரப்பர் எரிந்தால் கரும்புகை மூச்சடைக்கும். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் வாழ்கின்றன. தடுப்புச் சுவர் கூரைவரை எழும்பாத வரிசைகளில் ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குத் தாவும். ஆகவே முதலில் தடுப்புச் சுவரைக் கூரைவரை உயர்த்த வேண்டும். பழைய மின்கம்பிகளை மாற்ற வேண்டும். மெத்தைக்குக் கீழே தீப்பற்றாத சிமெண்டுப் பலகையோ ஜிப்சம் பலகையோ இருக்க வேண்டும். அடுப்பு எரியும் சமையற்கட்டின்மேல் நார் வைக்கவே கூடாது. ஒழுகும் கூரையின் கீழ் வைத்த நார் ஈரம் குடித்து அழுகும். ஈரமான நார் சூட்டையும் தடுக்காது. தகரத்துக்கும் மெத்தைக்கும் இடையே காற்றோட வழியும், எலி புகாமல் கம்பி வலையும் வேண்டும். வெண்காரத்தைக் குழந்தைகள் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு உள்ள வீடுகளில் அதை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ யாரும் துணியக் கூடாது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை விதைப்பது. அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. இவையெல்லாம் செய்யும்வரை, தகரத்தின் மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சாவது அடிக்கச் சொல்வோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். செலவில் மிகக் குறைந்த வழி அதுவே.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். "கழிவைக் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாமே, நிர்வாகத்தை ஏன் கேட்கிறீர்கள்?" என்று சிலர் சொல்லக்கூடும். இந்த வார்த்தை இனிப்பாக இருக்கும், உள்ளே கசப்பு. வீடு கொடுப்பது நிர்வாகம். கூரை நிர்வாகத்தின் சொத்து. அதைச் சீராக வைப்பதும் அதன் கடமை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 446ஆம் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து, மற்றத் தொழில்களின் விடுதிகளையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. குறைந்தபட்சம் என்பது தொடங்கும் இடம், முடியும் இடமன்று. பொருள் மலிவு என்பதனால் பொறுப்புக் கைமாறாது. மலிவான பொருளே இவ்வளவு அருகில் இருக்கும்போது செய்யாமலிருப்பதற்குக் காரணம் இல்லை என்பதே நம் வாதம்.

"சம்பளம் உயரட்டும், கூரை கிடக்கட்டும்" என்று நம்மவரே சொல்வதும் உண்டு. சம்பளத்துக்காகப் போராடுவதை நாம் ஒரு நாளும் கைவிடச் சொல்லமாட்டோம். ஆனால் உறக்கமில்லாத உடல் எவ்வளவு நாள் உழைக்கும்? கண் சொருகும் கையில் உளி தடுமாறினால் மரத்துக்கும் காயம், மனிதனுக்கும் காயம். உயர்ந்த சம்பளத்தை மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் கொட்டுவதைவிட, கூரையைக் குளிரவைப்பது சம்பளத்தைக் காப்பதே ஆகும். நிர்வாகங்களுக்கும் இது நட்டமில்லை. நன்றாக உறங்கி எழுந்த தொழிலாளியின் நிரை எப்படியிருக்கும் என்று எந்த மண்டோரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே நாம் முன்வைக்கும் வேலை இது. முதலாவதாக, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு வெப்பமானி வாங்கட்டும். பதினான்கு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரே வீட்டின் உள்ளேயும் வெளியே நிழலிலும் அளந்து குறிக்கட்டும். எழுதுகோல் பிடித்த கிராணிமார்களே, இது உங்கள் பங்கு! கணக்கில் ஏறாத கஷ்டம் பேச்சுவார்த்தை மேசையில் கஷ்டமாகவே கொள்ளப்படுவதில்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? இரண்டாவதாக, ஒரு தோட்டத்தில் ஒரு வரிசையை எடுத்து, பாதி வீடுகளுக்கு நார் மெத்தையும் வெள்ளைப் பூச்சும் வைத்து, மறுபாதியை அப்படியே விட்டு, ஒரு வெயில் காலம் முழுவதும் அளந்து பார்க்க நிர்வாகத்தைக் கேட்போம். தீயணைப்புத் துறையின் ஆலோசனையையும் பெறுவோம். மூன்றாவதாக, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் குடியிருப்பு என்ற தலைப்பின் கீழ் கூரை வெப்பம் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, சற்று நீண்ட வேலை. மட்டை உரிக்கவும் நாரெடுக்கவும் மெத்தை செய்யவும் ஒரு கூட்டுறவுப் பட்டறை நம் வட்டாரத்தில் ஏன் கூடாது? வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளி மாதந்தோறும் சேர்த்த சிறு தொகையைக் கொண்டு 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் காசு தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்க முடிந்த கைகளுக்கு மட்டை உரிக்கும் யந்திரம் வாங்க முடியாதா? தோட்டத்தில் வேலை கிடைக்காத நம் பெண்களுக்கும் இளைஞருக்கும் அது பிழைப்பும் ஆகும்.

தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களுக்கும் ஒரு சொல். புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்ததை வட சிலாங்கூர் முழுவதும் அறியும். இத்தகைய வீடுகள் எங்கே எழும்பினாலும், எத்தனை அறை, எந்த நிறம் என்று கேட்பதோடு நில்லாமல், கூரைத் தகட்டுக்குக் கீழே என்ன வைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கட்டும்போது கேட்டால் செலவு சிறிது. குடியேறிய பிறகு கேட்டால் செலவு நம் தலையில்.

நாம் கேட்பது துரை பங்களாவின் குளிர்சாதன இயந்திரமன்று. நம் கண்ணெதிரே எரிந்து சாம்பலாகும் மட்டையையும் உமியையும், நாமே வெட்டி எடுத்த பாலையும், நம் தலைக்கு மேல் இரண்டு அங்குல கனத்தில் கேட்கிறோம். வெப்பமானியை வாங்குங்கள், இன்றே அளக்கத் தொடங்குங்கள், எண்களைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்த எண்களோடு மேசைக்குப் போவோம். பகல் உறக்கம் பால்மரத் தொழிலாளிக்குச் சலுகையன்று. அது அவர் வேலையின் ஒரு பகுதி, அவருடைய உரிமை.